சீக்கிரம் வரும் என்று நான் சொன்ன மருந்து

என் ஆய்வுக்கு வேண்டிய ஆவாரம்பூவையெல்லாம் மதினிதான் பறித்து அனுப்பினாள். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கினால், கண்மாய்க்கரை வரை இரண்டு பக்கமும் ஆவாரஞ்செடிதான். காலையில் பால் சொசைட்டி வேலை முடிந்ததும் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு போவாள். பறித்துவந்த பூவை உள்ளறையில் பழைய சேலை விரித்து ஃபேன் காற்றில் உலர்த்துவாள். வெயிலில் காயவைக்கக் கூடாது என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். அதன் பிறகு அவள் அனுப்பிய எந்தப் பையிலும் ஒரு பூகூடக் கருகியிருந்ததில்லை. அண்ணன் தன் லோடு வண்டியில் அதை அருப்புக்கோட்டை வரை கொண்டுவந்து மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான். நான் மாட்டுத்தாவணியில் நின்று வாங்கிக்கொள்வேன்.

மதினி எனக்கு முதலில் மதினி இல்லை. திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். வேதியியலில் என்னைவிடக் கெட்டிக்காரி. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, பல பரீட்சைகளில் அவள் தாளை எட்டிப்பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். பிளஸ் டூ முடித்த இரண்டாம் வருடம் அவளை அண்ணனுக்குப் பெண் கேட்டார்கள். அவளுக்கும் அண்ணனைப் பிடித்திருந்தது. நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளை மதினி என்று கூப்பிட எனக்கு ஒரு மாதம் நாக்கு வரவில்லை. அவளோ பெஞ்சில் கூப்பிட்டதுபோலவே கடைசிவரை என்னை ஏபிள்ள என்றுதான் கூப்பிட்டாள்.

காட்டு வேலைக்குப் போய் எங்களைப் படிக்கவைத்த அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஊர் என்றால் அவள்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊர்ப் பால் சொசைட்டியில் பால் வாங்கி அளக்கும் வேலை அவளுக்கு. ஒவ்வொருவர் கொண்டுவரும் பாலிலும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பாள். டிகிரி குறைந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சொந்தச் சித்தப்பா பாலையே ஒருநாள் திருப்பி அனுப்பியவள் அவள்.

நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தது மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில். புற்றுநோய்க்கு நானோ துகள் என்பது தலைப்பு. பூவைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால், கரைந்திருக்கும் வெள்ளி மிக நுண்ணிய துகள்களாகப் பிரியும். ஒரு தலைமுடியின் அகலத்தில் அவற்றை ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம், அத்தனை சிறியவை. சிறியது என்பதால் அது செல்லுக்குள் நுழைந்துவிடும். நன்மைக்கும் கேட்டுக்கும் அதுவேதான் காரணம். அன்றைக்கு நான் நன்மையை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதினி ஆய்வகத்துக்கு வந்திருந்தாள். வெளிர்மஞ்சளாக இருந்த சாறு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீத்தண்ணி மாதிரி ஆயிருச்சு ஏபிள்ள. இதுக்குள்ளயா வெள்ளி இருக்கு?"

"ஆமா மதினி. கண்ணுக்குத் தெரியாது."

நான் தடுப்பதற்குள் வெள்ளி நைட்ரேட் பாட்டிலின் விளிம்பைத் தொட்டுவிட்டாள். ஊருக்குப் போய்ச் சேரும்போது விரல் கறுத்துவிட்டதாம். சொசைட்டிக்கு வந்தவர்கள் எந்த எலெக்சனுக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டதைப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தோல் உரிந்து அந்தக் கறுப்புப் போகப் பத்து நாளானது.

எப்போதோ எங்கோ இறந்துபோன ஒரு பெண்ணின் மார்பகப் புற்றிலிருந்து எடுத்து, உலகத்து ஆய்வகங்களிலெல்லாம் வளர்த்துவரும் செல்கள் உண்டு. அவற்றை நுண்குழிகள் கொண்ட ஒரு தட்டில் வளர்த்து, துகளைச் சேர்த்து, மறுநாள் ஒரு சாயத்தை ஊற்றிப் பார்ப்போம். செல் உயிரோடிருந்தால் குழி ஊதாவாகும். செத்திருந்தால் நிறம் ஏறாது. என் தட்டில் துகள் கூடக்கூட நிறம் வெளிறிக்கொண்டே போனது. கடைசி வரிசையில் ஊதாவே இல்லை. என் கைடு தோளில் தட்டிக் கொடுத்தார். அந்தச் சந்தோசத்தில் நான் செய்யாமல் விட்ட ஒன்று இருந்தது. அதே துகளை நோயில்லாத நல்ல செல்களில் போட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கலாம் என்று தள்ளிவைத்தேன். அந்தச் சோதனையின் முடிவு எப்படி வந்தாலும் யாரும் தோளில் தட்டப் போவதில்லை என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும்போல.

கல்லூரிச் செய்தி ஒன்று உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போயிற்று. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தார் என்று என் போட்டோவோடு வந்தது. மருந்து என்ற சொல்லை நான் சொல்லவில்லை. ஆனால் அது தப்பு என்று போன் போட்டுச் சொல்லவும் இல்லை. வெட்டி எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டவளே நான்தான். படித்த பள்ளியில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் பேசும்போது, இனி வரும் காலத்தில் மருந்து நேராகக் கட்டிக்கு மட்டும் போகும், முடி கொட்டாது, வாந்தி வராது என்றேன். முன்வரிசையில் அண்ணனும் மதினியும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டியபோது மதினி தட்டவில்லை. உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில் போன் செய்தாள். "ஒண்ணுமில்ல, இடது மாருல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. வலியெல்லாம் இல்ல. நீ இருக்கயில நான் என்னத்துக்குப் பயப்படணும்" என்றாள்.

அன்றைக்கே மதுரைக்கு வரச் சொன்னேன். சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. இன்னும் வேறெங்கும் பரவவில்லை. ஆறு கீமோ ஊசி போட்டுக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். அமைதியாகப் பேசும் பெண்மணி அவர். இருபத்தோரு நாளைக்கு ஒரு ஊசி, முதல் மூன்றுக்கும் நான் கூடப் போனேன்.

இரண்டாவது ஊசிக்கு முன்னாலேயே முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் சடை அவளுக்கு. அண்ணனே கத்தரியால் வெட்டிவிட்டு, வெட்டியதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றானாம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். பால் கொண்டுவரும் ஒரு கிழவர், சீக்குக்காரி கைபட்ட பாலை யாரு குடிப்பாக என்று கேட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. எந்த வலியும் சொல்லாதவள், இதை மட்டும் போனில் இரண்டு தடவை சொன்னாள்.

மூன்றாவது ஊசி போட்ட அன்று டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகச் சுருங்கிவருகிறது என்றார். அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். மடியில் பாலித்தீன் கவரை விரித்துப் பிடித்திருந்தாள். காரியாபட்டி தாண்டுவதற்குள் மூன்று தடவை வாந்தி. எதிர் சீட்டுக்காரர்கள் எழுந்து பின்னால் போனார்கள். வாயைத் துடைத்துவிட்டு என் தோளில் சாய்ந்தபடி கேட்டாள்.

"ஏபிள்ள, உன் மருந்து எப்ப வரும்?"

என்னிடம் மருந்து என்ற ஒன்றே இல்லை. ஃபிரிட்ஜில் ஒரு பாட்டிலில் பழுப்புத் தண்ணீர் இருந்தது. ஒரு எலிக்குக்கூட அதைக் கொடுத்துப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஒன்று மனிதருக்கு வந்துசேரப் பத்துப் பதினைந்து வருடமாகும். வராமலே போவதுதான் அதிகம். இதையெல்லாம் அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அவள் தலை என் தோளில் அத்தனை லேசாக இருந்தது.

"சீக்கிரம் வந்துரும் மதினி" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் ஊர் போய்ச் சேரும்வரை வாந்தி எடுக்கவில்லை.

அடுத்த வாரம் நான் இரண்டரை மாதப் பயிற்சிக்குச் சென்னை போனேன். வரிக்குதிரை மீன் என்று ஒரு சின்ன மீன். அதன் முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே குஞ்சு உருவாவதை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். ஒரு மருந்து உயிரை என்ன செய்யும் என்று ஆரம்பத்தில் தெரிந்துகொள்ள இதைப் பயன்படுத்துவார்கள். என் துகளை மிகக் குறைவாக, கிண்ணத்துக்குக் கிண்ணம் சற்றுக் கூட்டிக் கலந்து நாலு கிண்ணத்தில் முட்டைகளை விட்டேன்; ஐந்தாவதில் வெறும் தண்ணீர். முதல் நாள் எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் இதயம் துடிப்பது தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், அளவு கூடிய கிண்ணங்களில் பாதிக் குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வரவில்லை. வந்தவற்றின் முதுகு வளைந்திருந்தது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது. எதுவும் கலக்காத தண்ணீரில் விட்ட குஞ்சுகள் பக்கத்திலேயே துறுதுறுவென்று நீந்திக்கொண்டிருந்தன.

நான்கு தடவை திரும்பச் செய்தேன். துகள் சரியாக வரவில்லையோ என்று புதிதாகத் தயாரித்துப் பார்த்தேன். பிறகு அங்கிருந்த நல்ல ஈரல் செல்களிலும் போட்டேன். என் புற்றுநோய் செல்கள் எந்த அளவில் செத்தனவோ, ஏறக்குறைய அதே அளவில் அவையும் செத்தன. துகளுக்கு ஆள் தெரியவில்லை. நுழைந்த இடத்தையெல்லாம் அழித்தது. பூவிலிருந்து செய்தது, அதனால் கேடில்லாதது என்று என் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். பூ அதற்கு உருவத்தைத்தான் கொடுத்தது. குணம் வெள்ளியின் குணம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மதினியிடம் பேசினேன். ஊசிக்குப் போய்ட்டு வந்தியா என்று கேட்டால், போய்ட்டு வந்துட்டேன் என்பாள். உடம்பு எப்படி என்றால், இப்ப வாந்தியெல்லாம் இல்ல ஏபிள்ள, நல்லாச் சாப்பிடுறேன் என்பாள். நான் நிம்மதியடைந்தேன். மீன் குஞ்சுகளைப் பற்றி அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

பயிற்சி முடிந்து ஊருக்குப் போனபோது விலக்கு வரை வந்து நின்றாள். தலையில் துண்டு இல்லை. முடி ஒரு விரற்கடை உயரத்துக்குக் கறுப்பாக, அடர்த்தியாக வளர்ந்திருந்தது. முகத்தில் பழைய களை. யாராவது பார்த்தால் தேறிவிட்டாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்கு மட்டும் ஒன்று தெரியும். ஊசி நடந்துகொண்டிருக்கும்போது முடி இப்படி வளராது.

பையை அங்கேயே சாலையோரத்தில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"மதினி, கடைசி ஊசி என்னைக்குப் போட்ட?"

சிரித்தாள். "மொதல்ல வீட்டுக்கு வா."

"சொல்லு."

"நீ கூட வந்தேல்ல, அதான்."

நான்காவதுக்கும் போகவில்லை, ஐந்தாவதுக்கும் போகவில்லை, ஆறாவதுக்கும் போகவில்லை. அண்ணனிடம், உங்க தங்கச்சி மருந்து வரப்போகுது, அதுவரைக்கும் ஊசிய நிப்பாட்டச் சொல்லிட்டா என்று சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனுக்கு, வெளியூரில் இருக்கிறேன் என்றிருக்கிறாள். நாங்கள் எல்லோருமே நம்பிவிட்டோம்.

"ஏன் மதினி இப்படிச் செஞ்ச?"

"நீதான சீக்கிரம் வந்துரும்னு சொன்ன. கொஞ்ச நாளைக்கு எதுக்கு அந்தச் சித்ரவதைன்னு இருந்தேன். நான் விட்டுப்போடல ஏபிள்ள. காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஈரலிலும் முதுகெலும்பிலும் நோய் பரவியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. டாக்டர் திட்டவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சுருங்கிட்டு வந்துச்சேம்மா என்று மட்டும் சொன்னார். இனி ஆபரேஷன் இல்லை, வேறு ஊசி போட்டு எவ்வளவு நாள் தள்ளலாம் என்று பார்ப்போம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். வராந்தாவுக்கு வந்தபோது மதினி என் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள்.

அண்ணனிடம் நான் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அப்ப நீ நிப்பாட்டச் சொல்லலயா என்றான். இல்லண்ணே என்றேன். வண்டியின் டயரைக் குனிந்து பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து என் ஆய்வகத்துக்கே வந்துவிட்டான். சரக்கு இறக்கிவிட்டு வந்த வண்டியைக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தான். புது ஊசிக்கும் நோய் கட்டுப்படவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்த வாரம் அது.

"ஏத்தா, அந்த மருந்துல ஒரு பாட்டிலு குடு."

"அது மருந்து இல்லண்ணே."

"பேப்பர்ல போட்டிருந்தாகல்ல?"

"தப்பாப் போட்டுட்டாக."

"நீ மேடையில பேசுனது?"

போனை எடுத்து வளைந்த மீன் குஞ்சுகளின் படத்தைக் காட்டினேன். கொஞ்சம் கொடுத்ததற்கே இப்படியாகிவிட்டது, நல்ல ஈரலையும் கொன்றுவிடுகிறது, ஈரலில் நோய் பிடித்திருப்பவளுக்கு எப்படிக் கொடுப்பேன் என்றேன். அவன் படத்தைப் பார்த்தான். ஆனால் அதில் எதுவும் அவன் மனதில் ஏறவில்லை.

"மீனும் மனுசியும் ஒண்ணா?"

"தெரியலண்ணே. தெரியாததுனாலதான் குடுக்க மாட்டேங்கிறேன்."

"பூவுலருந்து செஞ்சதுதான. அவ கையால பறிச்ச பூவுதான" என்றான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "போகப்போறவள இது என்ன புதுசா செஞ்சிரப்போகுது? நம்பிக்கையாவது மிஞ்சும்ல."

நான் அழுதேன். அவன் அழவில்லை. மருந்த வச்சிக்கிட்டுத் தர மாட்டேங்கிறவ நீ ஒருத்திதான் இருப்ப என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். அதன் பிறகு பல மாதம் என்னிடம் பேசவில்லை.

அவன் போனதும் உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்து அந்த பாட்டிலை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. எதற்கு எடுத்தேன் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அண்ணன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாக அப்போது தோன்றியது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் திருச்சுழி போய் அங்கிருந்து ஊருக்குப் போனேன். பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

மதினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிறு வீங்கியிருந்தது, கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. அண்ணன் வண்டி ஓட்டப் போயிருந்தான். நான் பையைக் கீழே வைக்காமல் நிற்பதைப் பார்த்தாள்.

"கொண்டுவந்திருக்கயா?"

தலையாட்டினேன்.

"எடு, பாப்போம்."

பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பாலை எப்படிப் பார்ப்பாளோ அப்படிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மூடியைத் திறக்கவில்லை.

"டிகிரி பாத்தியா இதுக்கு?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் முட்டை, வளைந்த முதுகு, இதயத்தில் கோத்த நீர், செத்த ஈரல் செல், நான் செய்யாமல் தள்ளிப்போட்ட சோதனை. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் அவளுக்கு மறக்கவில்லை. நடுநடுவே கேள்வி கேட்டாள். எவ்வளவு கலந்த, எத்தனை முட்டை, சும்மாத் தண்ணியில விட்டதெல்லாம் நல்லா இருந்துச்சா என்று வரிசையாகக் கேட்டாள். என் கைடு கேட்காத கேள்வி ஒன்றையும் கேட்டாள். "உடம்புக்குள்ள போன வெள்ளி அப்புறம் எங்கிட்டுப் போகும்? வெளிய வருமா, உள்ளயே தங்கிருமா?"

"ஈரல்ல தங்கும்னு சொல்றாக மதினி. எத்தன நாளைக்குன்னு சரியாத் தெரியல."

பாட்டிலை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"தேறாத பால நான் ஒருநாளும் வாங்குனதில்ல. இதக் கொண்டு போயிரு."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு பஸ்ஸுலயே இதச் சொல்லியிருக்கலாம்ல ஏபிள்ள."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பரீட்சை முடிந்து வெளியே வந்தபின், அந்தக் கணக்கை இப்படிப் போட்டிருக்கலாமே என்பாளே, அந்தக் குரலில் சொன்னாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. அவளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கால் குடையுது, கொஞ்சம் அமுக்கிவிடு என்றாள். சாயங்காலம் வரை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் மதுரைக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போனேன். மற்ற நாளெல்லாம் அவளோடுதான். பள்ளிக்கூடத்துக் கதைகளைப் பேசினோம். ஆய்வு பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருநாள் அவளாகவே, "நல்ல செல்ல விட்டுட்டு நோவு புடிச்சத மட்டும் புடிக்கிற மாதிரி அதுமேல எதையாச்சும் பூச முடியாதா?" என்று கேட்டாள். உலகம் முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். பெருமையாக இருந்திருக்க வேண்டும், லேசாகச் சிரித்தாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் மழை விட்டு வெறித்திருந்தது. மதியம் உதடு காய்கிறது என்றாள். ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கட்டிலின் மறுபக்கம் அவள் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்றாள். சாப்பிட்டேன் என்றான். அவன் சாப்பிட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சுக்கு அடுத்த மூச்சு வரவில்லை. நாங்கள் இருவரும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்தக் கிழவரும் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்.

ஆய்வறிக்கை எழுதும்போது கைடு, புற்றுநோய் செல்கள் செத்ததை ஒரு கட்டுரையாகவும், மற்றதைப் பிறகு தனியாகவும் போடலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே கட்டுரையில், ஒரே பக்கத்தில் போட்டேன். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவதாக ஒரு சிறிய பத்திரிகை வாங்கிக்கொண்டது. அதை மிகச் சிலரே படித்திருப்பார்கள். இப்போது வேறொரு கல்லூரியில் மற்றவர்கள் செய்யும் துகள்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். இந்தத் துகள் தேறவில்லை என்று நான் சொல்லும் நாட்களில் என்னை யாருக்கும் பிடிப்பதில்லை. நானோ துகள்களில் நல்லவையும் உண்டு. சில துகள்கள் மருந்தைச் சுமந்துபோய் மனிதர்களுக்கு உதவிக்கொண்டும் இருக்கின்றன. என்னுடையது அதில் சேரவில்லை.

வருசத் திதிக்கு ஊருக்குப் போனேன். அண்ணன் அதற்குள் ஒன்றிரண்டு வார்த்தை பேச ஆரம்பித்திருந்தான். சடங்கு முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு, அவனே இலை போட்டு எனக்குப் பரிமாறினான். எதிரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏத்தா, மிச்ச மூணு ஊசியையும் விடாமப் போட்டு ஆபரேசனும் பண்ணியிருந்தா பொழைச்சிருப்பாளா?"

விதி, யார் கையிலும் இல்லை என்று சொல்லிவிடலாம். அதைக் கேட்டால் அவனுக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும் இருக்கும்.

"பொழைச்சிருக்கலாம்ணே. கட்டி சுருங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பொழைக்க வழி இருந்துச்சு."

அவன் அழுதான். அவன் அழுது அன்றுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, அவளை எடுத்துக்கொண்டு போகும்போதும் அழவில்லை. நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"நானும் ஒரு தடவ அவகூடப் போயிருக்கணும். அவ சொன்னத அப்படியே கேட்டுக்கிட்டேன்" என்றான்.

பிறகு என் இலையைப் பார்த்துவிட்டு, ரசம் ஊத்தட்டுமா என்று கேட்டான். ஊற்றச் சொன்னேன்.